உத்தமனுக்கு அளவெடுத்த கரடித்தலை

"ஹலோ... ஹலோ... ஆங், சொர்ணம்தான் சார் பேசறேன்... உத்தமன் சம்சாரம்... ஆமா சார், ஆமா, ஓடி வந்தேன், அதான் மூச்சு வாங்குது... சொல்லுங்க சார். போட்டுக்கினாரா... எப்படி இருக்குது பாக்க... என்னது... போகலையா... எது சார் போகலை... தலையா..."

நீலசந்திராவின் அந்தச் சந்தில் ஃபோன் இருந்தது லட்சுமம்மா வீட்டில் மட்டும்தான். மேலே பூப்பின்னல் துணி போர்த்தி, சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சற்று முன் லட்சுமம்மா வாசலில் நின்று கூப்பிட்டதும், சொர்ணம் பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தாள். இன்ச் டேப் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது.

பேசுவது பாலகுமார் சார். சிவாஜிநகர் பக்கம் இன்றைக்குப் பதினோரு மணிக்குத் திறக்கப்போகிற 'டிங் டாங்' பொம்மைக் கடையின் மேனேஜர். அந்தக் கடை வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கை கொடுக்கப்போகிற கரடி, சொர்ணத்தின் புருஷன் உத்தமன். கரடியைத் தைத்தவள் சொர்ணம். ஃபோன் வந்திருக்கிறது என்றதும் நல்ல சேதிதான் என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டு ஓடி வந்திருந்தாள், பாவம்.

"இல்ல சார், போவும் சார்... இருங்க, நான் சொல்றேன். நேரா மேலருந்து அழுத்தக் கூடாது. மூக்கைப் புடிச்சுக்கினு, மொதல்ல தாடையை உள்ள விட்டு, அப்புறம் பின்னால சாய்ச்சு இறக்கணும்... தொப்பி போடற மாதிரி இல்ல சார், ஹெல்மெட் போடற மாதிரி... பண்ணிப் பாத்தீங்களா... ரெண்டு பேரு புடிச்சா... மூணு பேரா... காது வரைக்கும் வந்து நிக்குதா... காதுன்னா யாரு காது சார், அவரு காதா, கரடி காதா..."

லட்சுமம்மா முறத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டார். அந்த வீட்டு ஃபோனில் யார் பேசினாலும் அதைக் கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்பது சந்தில் எழுதாத சட்டம்.

"அளவு தப்பா இருக்காது சார். நானே எடுத்த அளவு. இருபத்து மூணரை... நெத்தியச் சுத்தி, காதுக்கு மேல. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்... அதுக்கு மேல ரெண்டு இன்ச்சு லூஸ் வேற குடுத்திருக்கேன்... வீணா மேடத்தைக் கேட்டுப் பாருங்க, என் கை அளவு என்னிக்காவது தப்பினது உண்டான்னு... சரி சார், சரி. மேடத்தை எதுக்கு இழுக்கணும். இழுக்கலை."

வீணா மேடம் பாலகுமாரின் மனைவி. நான்கு வருஷமாகச் சொர்ணத்திடம்தான் ஜாக்கெட் தைத்துக்கொள்கிறாள். கடை வாசலில் நிறுத்த ஒரு கரடி வேண்டும், பம்பாயிலிருந்து வரவழைத்தால் கட்டுப்படியாகாது என்று இவர் வீட்டில் புலம்பிக்கொண்டிருக்கிறார் என அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான் தாமதம், சொர்ணம் வாயை விட்டுவிட்டாள். கரடியையும் நானே தைத்துத் தருகிறேன், உள்ளே நிற்க ஆளும் நானே தருகிறேன் என்றாள். அதுவரை அவள் தைத்த மிருகம் என்று பார்த்தால், கல்யாணமான புதிதில் ஒரு தலையணை உறையில் போட்ட கிளி மட்டும்தான். அதுகூடக் கொஞ்சம் காக்கா மாதிரி இருக்கும்.

கரடித்தலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க நீலசந்திராவில் ஆள் கிடையாது. சோபா தைக்கிற கடைகளில் போய் நின்று, அரை இன்ச் கனத்தில் ஃபோம் வாங்கிச் சுருட்டிக் கட்டி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கத்தரிக்கோல் அந்த ஃபோமைக் கடித்ததே தவிர வெட்டவில்லை. ரொட்டிக் கத்தியையும் ஷேவிங் பிளேடையும் வைத்து அறுத்துக்கொண்டாள். ஒட்டுவதற்கு வாங்கிய சொல்யூஷனின் நாற்றத்தில் நான்கு நாள் சோறு சோறாக இல்லை. முதல் தலை பெருச்சாளி மாதிரி வந்தது. மூக்கைக் குறைத்ததும் பன்றி ஆயிற்று. உச்சியில் ஒட்டியிருந்த காதுகளைப் பிய்த்துப் பக்கவாட்டில் இறக்கி, கன்னத்துக்குத் துண்டு வைத்து உப்ப வைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரடி என்று சொன்னால் நம்பக்கூடிய ஒரு முகம் அவளைப் பார்த்தது.

கண்ணுக்கு இரண்டு டீ வடிகட்டி. அந்த வலைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே இருக்கிறவனுக்கு அது கண், உள்ளே இருக்கிறவனுக்கு ஜன்னல். இந்த யோசனை தனக்கு வந்ததில் அவளுக்கு அடங்காத பெருமை. ரோமத் துணியை முடி படிகிற திசை பார்த்து வெட்டி மேலே போர்த்தித் தைத்தபோது, தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

ஒன்றே ஒன்றுதான் செய்யவில்லை. போட்டுப் பார்க்கவில்லை. உத்தமன் மறுத்துவிட்டான். கடைக்குள் போனதும் ஒரே தடவை போட்டுக்கொள்கிறேன், இந்தச் சந்தில் அது என் தலையில் ஏறக் கூடாது என்றான். சரி என்று அவள் சின்னப் பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டிப் பார்த்தாள். குடத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

"புதுசு இல்லையா சார், அப்படித்தான் புடிக்கும்... ரெண்டு மூணு வாட்டி போட்டுக் கழட்டினா ஃபோம் அமுங்கிக் குடுத்துடும்... எல்லாத் துணியும் அப்படித்தான்... கனமா... அரை இன்ச்சு சார். சுத்தியும் அரை இன்ச்சு... ஆமா. உள்ளயும் லைனிங் குடுத்திருக்கேன்... சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க..."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தன் தலையையே சுற்றினாள். பிறகு டேப்புக்கும் நெற்றிக்கும் நடுவில் ஒரு விரலை நுழைத்தாள். அந்தப் பக்கம் இன்னொரு விரல். முதலில் பிடித்த இடத்தில் டேப் மூடவில்லை. மூன்று இன்ச்சுக்கு மேலே எட்டி நின்றது. அவளுடைய முகம் அப்போது மாறியதைப் பார்த்து லட்சுமம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவள். துணிக்குக் கனம் என்று ஒன்று கிடையாது. உடம்பில் எடுக்கிற அளவுதான் துணியின் அளவு, அதில் கொஞ்சம் லூஸ் சேர்த்தால் தீர்ந்தது. அந்தப் பழக்கத்தில் உத்தமனின் தலையளவையே ஃபோமின் வெளிச்சுற்றாக வைத்து வெட்டிவிட்டாள். ஃபோமோ இந்தப் பக்கம் அரை இன்ச், அந்தப் பக்கம் அரை இன்ச் என்று உள்ளே தின்றுகொண்டே போயிருக்கிறது. அவள் கொடுத்த லூஸையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. ஒரு சோபாக்காரனைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். ஜாக்கெட் தைக்கிறவளுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வரும்.

"சார்... அது வந்து சார்... உள்ள கொஞ்சமா சீவி எடுத்துட்டா போதும். நான் வர்றேன். கத்தியோட வர்றேன். ஆட்டோ புடிச்சா அரை மணிதான்... லைனிங்கைப் பிரிச்சு, உள்பக்கம் காது கிட்ட சீவிட்டா... பதினோரு மணிதானே சார் தெறப்பு... பத்தே முக்காலுக்கேவா... முதலாளி வந்தாச்சா... அவங்க குழந்தைங்களுமா... சரி சார், அப்ப தெறக்கறப்ப கரடி இல்லாட்டி என்ன, தெறந்தப்புறம் வரட்டுமே. பசங்க எப்ப பாத்தாலும் குஷியா ஆவாங்க... சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்... ஒரே ஒரு மணி நேரம்..."

இந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் கெஞ்சியது கரடிக்காக இல்லை. உத்தமன் பதினேழு வருஷம் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டியவன். கம்பெனி மூடி ஒன்பது மாதம். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் வயதைக் கேட்டார்கள். நாற்பத்து நான்கு என்றதும் டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவன் போவதையே நிறுத்திவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு, சொர்ணம் தைத்த ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுப்பான். ரொம்பச் சுத்தமாக வைப்பான், லேத் பிடித்த கை இல்லையா. யாராவது கதவைத் தட்டினால் ஜாக்கெட்டைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வான்.

கரடிக்கு அவனைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று. குழந்தைகள் சந்தோஷப்படும் என்றாள், மாதச் சம்பளம் என்றாள், அரங்கேற்றம் மாதிரி என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு வார்த்தைதான் வேலை செய்தது. உள்ளே இருப்பது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, முகமே வெளியே தெரியாது என்றாள். அதற்கு மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அவன் அடுப்படியில் இரண்டு எட்டு கரடி நடை நடந்து காட்டினான். ஒன்பது மாதத்தில் அவன் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பு திரும்பவும் போய்விடுமே என்ற பயத்தில்தான் இப்போது ரிசீவரை விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"யாரு... மகாவா... அது யாரு சார்... சேல்ஸ்ல இருக்கற பொண்ணா... அவ எதுக்கு சார் போட்டுப் பாத்தா... சும்மா தமாஷுக்கா... போயிடுச்சா... கழுத்து வரைக்குமா... ஆடலையா சார்... நல்லா உக்காந்துச்சா..."

கடைசிக் கேள்வியை அவள் கேட்க நினைக்கவில்லை. தைக்கிறவளின் வாய் அது, தானாகக் கேட்டுவிட்டது. பதிலைக் கேட்டதும் ஒரு கணம் அவளுக்கு உள்ளே குளிர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் செய்த தலை ஒரு தலையில் உட்கார்ந்துவிட்டது. அது உத்தமன் தலை இல்லை என்பது அடுத்த கணம்தான் உறைத்தது.

"முதலாளி பாத்துட்டாரா... அவர் பசங்க கை தட்டினாங்களா... ஆமா சார், தட்டுவாங்க. நல்லாத்தான் இருக்கும்... அப்ப இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தப் பொண்ணு நிக்கட்டும் சார். நாளைக்குள்ள நான் வேற தலை தெச்சுத் தர்றேன். இப்பத்தான் தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சே... வேணாமா... இல்ல சார், கேளுங்க... ஆமா... ஆமா, அந்தப் பொண்ணு எப்படியும் சம்பளத்துல இருக்குது... தனியா ஒரு ஆளு எதுக்குன்னு... புரியுது சார். புரியுது. முதலாளின்னா அப்படித்தானே யோசிப்பாங்க... தலைக்கு உண்டானதை நான் கேக்கலை சார். அது நீங்க குடுத்துடுவீங்க, தெரியும். ஆளுக்கு இன்னா பதில் சார்... பேக்கிங்ல எதனா... பொண்ணுங்க மட்டுமா... வாசல்ல வாட்ச்மேனு... எடுத்தாச்சா... சரி... சரி... சரி சார்."

மூன்று தடவை சரி சொல்லி முடித்தபோது, மூன்று வாரம் பேசிப் பேசிக் கட்டியது எல்லாம் தரைமட்டமாகியிருந்தது. லட்சுமம்மா என்ன என்று சைகையில் கேட்டார். சொர்ணம் தலையை மட்டும் ஆட்டினாள். வைத்துவிடலாம் என்று பார்த்தால் மேனேஜர் விடவில்லை. அவர் ஃபோன் போட்ட காரியமே இன்னும் வரவில்லை.

"இன்னும் என்ன சார்... உடம்பா... ஆமா, உடம்பும் நான் தெச்சதுதான், கரடி உடம்பு இல்லாம தலை மட்டும் எப்படி... யாரு... இவரா... கழட்ட மாட்டேங்கறாரா... குடோன்லயா... அட்டைப் பெட்டி மேல உக்காந்துக்கினா... எவ்ளோ நேரமா... கேட்டா பதிலே சொல்லலையா... சார், அவரு கலாட்டா பண்ற ஆளு இல்ல சார். பதினேழு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினது கிடையாது... அய்யோ போலீஸ் கீலீஸ்னு ஏன் சார் பெரிய வார்த்தைல்லாம்... இந்தக் கன்னட ஊர்ல நம்ம தமிழ் ஆளு நீங்க, நீங்களே இப்படிப் பேசினா... சரி சார், தப்புதான். நேரமாவுது, தெரியுது. குடோன்ல ஒரு லைன் இருக்குதா... அப்ப மாத்துங்க. அவர் கிட்ட குடுங்க, நான் சொல்றேன். நான் சொன்னா கேப்பாரு."

கேட்பான் என்று சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை. லைன் மாறுகிற வரைக்கும் ஏதோ மணிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவளால் அவனை மனதுக்குள் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கழுத்துக்குக் கீழே பழுப்புக் கரடி. வயிற்றில் வெள்ளை வட்டம், கையில் ரெக்ஸின் நகம். கழுத்துக்கு மேலே உத்தமன், அதே மீசை, அதே கண்ணாடி. முகம் மட்டும் தெரியாது என்று சொல்லித்தானே அனுப்பினாள். இப்போது அங்கே அந்த முகம் மட்டும்தான் அவனாகத் தெரிந்துகொண்டிருக்கும். பேக்கிங் பெண்கள் ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

"ஏங்க... நான்தாங்க... கேக்குதா... ஏங்க... லைன்ல இருக்கீங்களா... மூச்சு வுடறது கேக்குது. பேசுங்களேன்... சரி, பேச வேணாம், கேளுங்க. தப்பு என்னுது. ஃபோம் கனத்தைக் கணக்குல சேக்காம வுட்டுட்டேன். உங்க தலை மேல ஒரு தப்பும் இல்ல... யாருனா எதுனா சொன்னாங்களா... மண்டை பெரிசு கிரிசுன்னு... சொல்லட்டும் விடுங்க... ஏங்க... அந்த உடம்பைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துடுங்க. நமக்கு வேணாம் இது... அவங்க வேற ஒரு பொண்ணை நிக்க வெக்கறாங்களாம். தெரியுமா உங்களுக்கு... வெறும் 'உம்'மா... சரி. அப்ப தெரிஞ்சுக்கினுதான் உக்காந்திருக்கீங்க."

சுவரில் லட்சுமம்மா வீட்டுக் கடிகாரம் பத்தரை காட்டியது.

"கோவம்னா வூட்டுக்கு வந்து என்னைத் திட்டுங்க. தட்டைத் தூக்கி அடிங்க. அங்க ஏங்க... அந்தப் பொண்ணு என்னங்க பண்ணும், அவளை நில்லுன்னா நிக்கறா... இன்னாயா நீ. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லேன். அந்த ஆளு போலீஸுன்றான், நீ பாட்டுக்குப் பெட்டி மேல குந்திக்கினு... எனக்கு மட்டும் ஆசையாயா, உன்னைக் கரடியா நிக்க வெச்சுப் பாக்கணும்னு. ஒன்பது மாசமா அந்தக் கதவைச் சாத்திக்கினு நீ... நீ கொக்கி வெக்கறதைப் பாக்க முடியாம..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நாலு பேர் முன்னால் 'ங்க' போடாமல் புருஷனிடம் அவள் பேசியதே கிடையாது. வீட்டுக்குள் பேசுகிற பேச்சு லட்சுமம்மா வீட்டு நடுவில் வந்து விழுந்துவிட்டது. கொக்கி விஷயமும் கூடவே விழுந்துவிட்டது. லட்சுமம்மா அவரைக்காய் முறத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர் போல அடுப்படிக்குள் போனார். அந்த வீட்டு ஃபோனில் ஒருத்தர் பேச்சைக் கேட்காமல் அவர் எழுந்து போனது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் அந்தப் பக்கம் உத்தமன் ஏதோ முணுமுணுத்தான், சொர்ணத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னா... கேக்கலை... கொஞ்சம் சத்தமா சொல்லு... என்னா ஜிப்பா... எந்த ஜிப்பு..."

அவள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கை எட்டலையா."

கரடி உடம்புக்கு ஜிப்பை முதுகில் வைத்திருந்தாள். நெஞ்சில் வைத்தால் ரோமத்துக்கு நடுவில் கோடு தெரியும், குழந்தைகளுக்குக் கவுன் தைத்தாலும் பின்னால்தானே வைக்கிறோம் என்று வைத்தது. காலையில் உத்தமன் உள்ளே நுழைந்ததும் கடை வாட்ச்மேன் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறான். ரெக்ஸின் நகம் வைத்த கையை எந்தப் பக்கமாக வளைத்தாலும் அந்த இடத்துக்கு எட்டாது. தலை ஏறவில்லை என்று ஆனபோதே அவன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். அதற்கு யாராவது ஒருத்தருக்கு முதுகைக் காட்டி, இதைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. பிடிவாதம் என்று அவர்களும் நினைத்தார்கள், கட்டிய மனைவியும் அதையேதான் நினைத்தாள். அவன் முக்கால் மணி நேரமாக அந்தப் பெட்டி மேல் வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கேட்கமாட்டான் என்று தெரிந்த ஒரே ஆள் சொர்ணம், ஜிப்பை அங்கே வைத்தவளும் அவளேதான்.

"இதைச் சொல்றதுக்கு இன்னாயா... சரி சரி. சரி விடு... இல்ல, மேனேஜர் கிட்ட சொல்லலை. சத்தியமா சொல்லலை... நான் வரட்டுமா. நான் வந்து கழட்டறேன்... ஆமாயா, அரை மணி ஆவும். அதுக்குள்ள அந்த ஆளு சும்மா இருக்க மாட்டானே... பக்கத்துல யாரு இருக்காங்க... ஒரு பொண்ணா... எந்தப் பொண்ணு... அவளா... எதுக்கு நிக்கறா அவ... ஒண்ணும் பேசாமயா... குடு. ஃபோனை அவ கிட்ட குடு... நான் பாத்துக்கறேன், குடுன்றேன்... யோவ், என்னைத்தான் கேளேன் இந்த ஒரு வாட்டி."

ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் பேசப் போகிறாள், அவள்மேல் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, கோபம்தான் வரவில்லை.

"ஹலோ... மகாவாம்மா... நான் சொர்ணம். அவர் வீட்டுல... ஆமா, தலை தெச்சவ நான்தான்... நல்லா இருக்குதா... கண்ணு வழியாத் தெரியுதா... கீழ மட்டும் தெரியாதும்மா, படிக்கட்டுல பாத்து நட, சின்னப் பசங்க கால்ல மாட்டுவாங்க... உள்ள ரொம்பப் புழுங்கும். சொல்யூஷன் வாடையும் அடிக்கும். யார் என்ன சொன்னாலும் அரை மணிக்கு ஒரு வாட்டி கழட்டி வெச்சுட்டுத் தண்ணி குடி... என்ன... இல்லம்மா, அப்படிச் சொல்லாத... நீ வேணாம்னுட்டா மட்டும் இவர் தலை உள்ள போயிடப் போவுதா. நீ நிக்கலைன்னா உன்னையும் சேத்து அனுப்பிட்டு வேற ஒருத்தியை நிக்க வெப்பாங்க... நீயே போட்டுக்கோ... அழாத. நீ எதுக்கும்மா அழற, நீ என்ன பண்ணே..."

அந்தப் பக்கம் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் சொர்ணம் காத்திருந்தாள். அவசரம்தான், ஆனால் அதை அவசரப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"மகா, எனக்கு ஒண்ணு செய்யணும் நீ. அவர் முதுகுல ஜிப்பு இருக்குது. கழுத்து கிட்ட, முடிக்குள்ள மறைஞ்சிருக்கும், தடவிப் பாரு. அவருக்குக் கை எட்டாது... அதான். அதனாலதான் உக்காந்திருக்காரு, வேற ஒண்ணும் இல்ல... உன் கிட்ட கேக்க மாட்டாரு. அவரா திரும்பவும் மாட்டாரு. நீயே பின்பக்கமாப் போயி நில்லு. எதுவும் பேசாத, மன்னிச்சுடுங்க கின்னிச்சுடுங்கன்னு எதுவும் வேணாம்... உள்ள பனியன் மாட்டும், ஒரு விரலை உள்ள குடுத்துக்கினு மெதுவா இழு. நடுவுல ஒரு எடத்துல சிக்கும், பயப்படாத, கொஞ்சம் மேல தூக்கித் திரும்ப இழு, வந்துடும்... அவர் சட்டை எங்க இருக்குன்னு பாத்து மொதல்ல எடுத்து வெச்சுடு. அப்புறம் கதவைச் சாத்திட்டு வெளிய வந்துடும்மா... ஃபோனை வெக்காத, அப்படியே ஓரமா வெச்சுட்டுப் போ. நான் இருக்கேன்."

ரிசீவரை அட்டைப் பெட்டியின் மேல் வைத்த சத்தம் கேட்டது. தூரத்தில் கடைக்குள் குழந்தைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கன்னடத்தில் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினார்கள். பிறகு செருப்புச் சத்தம், நாலே எட்டு. அது நின்றது.

சொர்ணம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு அந்த ஜிப் இறங்குகிற சத்தம் வந்தது, ரோமத் துணிக்குள்ளிருந்து, மெல்ல. அவள் சொன்ன இடத்தில் சிக்கியது. மேலே ஒரு இழுப்பு, திரும்பக் கீழே. இடுப்பு வரைக்கும் இறங்கி நின்றது. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். ரோமத் துணி தரையில் மொத்தமாக விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க... நான் இங்கயேதான் இருக்கேன்... கேக்குதா... சாப்பாடு வெச்சுடறேன், நேரா வூட்டுக்கு வாங்க... ஏங்க... ஹலோ..."

அந்தப் பக்கம் யாரோ வந்து ரிசீவரை எடுத்து, அதன் இடத்தில் சரியாக வைத்துவிட்டார்கள்.